மூன்று சட்டை தூரம்

ரயில் நின்றால்தான் காஜா அக்கா ஊசியில் நூல் கோப்பார். ஓடும்போது கோத்தால் நூல் ஊசியின் காதுக்குப் போகாமல் தன் மூக்குக்கு வருகிறது என்பார். அதனால், சிக்னல் கிடைக்காமல் ரயில் பொட்டல் வெளியில் நின்று, பெட்டி முழுக்க 'உச்' கொட்டும்போது அவர் முகம் மட்டும் மலரும். மளமளவென்று ஐந்து ஊசிகளில் நூல் கோத்து, தன் தோள் துணியில் வரிசையாகக் குத்திக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் போரில் பதக்கம் வாங்கியவர்போல இருக்கும்.

சட்டைப் பொத்தான் நுழையும் துளையை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் பின்னுவதுதான் காஜா எடுப்பது. நகரத்துத் தையல் கடை ஒன்றுக்குப் பதினேழு வருடமாக அக்கா கையாலேயே காஜா எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய பட்டறை இந்தக் காலை ரயிலின் மூன்றாவது பெட்டி, இடப்பக்க ஜன்னல். போக இரண்டு மணி நேரம், மூன்று சட்டை. வர இரண்டு மணி நேரம், மூன்று சட்டை. ஒரு 'தடக்'குக்கு ஊசி உள்ளே போகும், அடுத்த 'தடக்'குக்கு வெளியே வரும்.

கைக்கடிகாரம் கிடையாது. "பாலம் எப்ப வரும்க்கா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் ரெண்டு காஜா இருக்கு, தூங்கு" என்பார். இந்தக் கணக்கு பெட்டிக்கே தொற்றிவிட்டது. எதிர் இருக்கைப் பூட்டு ரிப்பேர்காரர் ஒருநாள் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, "வண்டி அரைக் காஜா லேட்டு சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சென்ற வாரம் கழுத்தில் டை கட்டிய இளம் அதிகாரி ஒருவர் கத்தைத் தாள்களோடு அந்தப் பெட்டியில் ஏறினார். அதிவேக ரயில் பாதை போடலாமா, வேண்டாமா என்று பயணிகளிடம் கேட்க வந்தவர். ஆளுக்கு ஒரு தாள். பாதை வந்தால் இந்த ரயில் நிறுத்தப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பூட்டுக்காரர் முதலில் படித்தது அதைத்தான்.

"அத்தனை கோடியைக் கொட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கக்கூஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க சார். நாலு வருஷமா உள்ள போறவன் பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கான்."

"சீக்கிரம் போயி என்ன பண்றது?" என்றார் கணக்கு டீச்சர். "நான் முதல் ஆளா போய் நின்னா, பெல்லையும் என்னையே அடிக்கச் சொல்லுவாங்க."

எல்லோரும் 'வேண்டாம்' என்றார்கள். அதிகாரி காஜா அக்காவிடம் வந்தார். அவருடைய சட்டைப் பையின் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"உக்காருங்க தம்பி. அசையாதீங்க, நெஞ்சுல குத்திடும்."

அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "வேக ரயில்ல நகரத்துக்கு இருபதே நிமிஷம். உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும்?"

"மிச்சமா? இருபது நிமிஷத்துல அரைச் சட்டைதான் ஆகும். பாக்கி ரெண்டரைச் சட்டையை எங்க வச்சு எடுப்பேன்?"

"வீட்ல எடுக்கலாமே."

பெட்டியே சிரித்தது. அக்காவின் வீட்டுக்காரரை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கண்ணெதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று ஒரு நாளைக்கு ஒன்பது முறை கூப்பிடுகிற மனிதர்.

"வீட்ல உக்காந்தா ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க தம்பி. இங்க டிக்கெட்டைத் தவிர யாரும் எதையும் கேக்கமாட்டாங்க."

அதிகாரி 'வேண்டாம்' கட்டத்தில் குறி போட்டார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அது எதுவரைக்கும் போகுதாம்?"

"தலைநகரம் வரைக்கும். இப்ப பதிமூணு மணி நேரம் ஆகுது. அதுல மூணே மணி நேரம்."

அக்கா மடியிலிருந்த சட்டையை எடுத்தார். தடக், தடக் என்று ரயில் ஓடியது. ஊசி ஓடவில்லை.

அவருடைய மகள் தலைநகரத்தில் இருக்கிறாள். இப்போது மறுபடி ஏழு மாதக் கர்ப்பம். முதல் பிரசவத்தின்போது வலி கண்டதும் போன் வந்தது. அக்கா அடுத்த ரயிலைப் பிடித்தார். "நான் போய்ச் சேர்ந்தப்ப, இவ்வளவு நேரங்கழிச்சா வர்றேங்கிற மாதிரி அந்தப் பொடிசு என்னைப் பாத்துக் கொட்டாவி விடுது" என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. சொல்லும்போதெல்லாம் சிரிக்க வைப்பார். அன்று நின்றுபோன ஊசியையும் அவரையும் டீச்சர் மாறி மாறிப் பார்த்தார்.

"யக்கா, கட்சி மாறிடாதீங்க," என்றார் பூட்டுக்காரர்.

"நான் ஏன் மாறப்போறேன்? வேண்டாம்னா வேண்டாம்தான்."

அடுத்த நிலையத்தில் அதிகாரி இறங்கி, நடைமேடையில் நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தது. அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டினார். ஊசியை உதட்டில் கவ்வியிருந்ததால் பேச முடியவில்லை. விரல்களை மட்டும் ஆட்டினார். அதிகாரிக்குப் புரிந்தது. அந்த ரயில் கிளம்புகிற வேகத்துக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. மாலை உலாவப் போகிறவர்போல் ஜன்னலோடு நடந்தபடியே மேலே இருந்த அக்காவின் தாளையும் பேனாவையும் கொடுத்தார்.

பூட்டுக்காரருக்குத் தெரியாமல் சட்டையால் மறைத்துக்கொண்டு, அக்கா 'வேண்டாம்' குறியைக் கோடிட்டு அடித்தார். 'வேண்டும்' கட்டத்தில் குறி போட்டார். தாளை நாலாக மடித்து, பேனாவோடு சேர்த்து, இன்னும் கூடவே நடந்துவந்துகொண்டிருந்த அதிகாரியின் சட்டைப் பைக்குள் செருகி, நடைமேடை முடிவதற்குள் அதன் பொத்தானையும் மாட்டிவிட்டார்.