மூன்றாவது வீடு

2011இல் சிட்னியின் பரமட்டாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தேன். என்னோடு நின்று சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கியவள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய மகன் பேர்த்தில் அவளின் அக்காவோடு இருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் பதினாறு வயதான என் மகன் ஒரு கடையில் ஹெட்போன் திருடிப் பிடிபட்டான். பெற்றோரோடு பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். கணவர் மறுத்துவிட்டார். "அங்க வந்து நான் என்னெண்டு முகம் காட்டுறது? நீ போட்டு வா," என்றார். வேலையிடத்தில் என் முகத்தைப் பார்த்த அவள் விஷயத்தைக் கேட்டாள். தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி மகனை உட்காரவைத்து, செய்தது பிழையென்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். கடுமையாக எச்சரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கோர்ட்டுக்குப் போகவே தேவையில்லை.

மகன் காரில் ஏறினான். வெளியே நின்று அவளுக்கு நன்றி சொன்னேன். அப்போதுதான் தன் மகன் சிறையில் இருப்பதைச் சொன்னாள். சின்ன வயதில் இரண்டு முறை வீடுகளுக்குள் புகுந்து பிடிபட்டிருக்கிறான். பதினெட்டு வயதில் இன்னொரு வீட்டு ஜன்னலால் ஏறிச் சாப்பிடப் பாணும் ஒரு ஃபோனும் எடுத்திருக்கிறான். மேற்கு ஆஸ்திரேலியாவில் மூன்றாவது வீடென்றால் குறைந்தது ஒரு வருஷம் சிறை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கார் திருத்தும் கராஜில் அவனுக்கு வேலை பழக்கியவர் கோர்ட்டுக்கு வந்து அவனுக்காகப் பேசியிருக்கிறார்.

"நீதிபதி நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை," என்றாள்.

பிறகு ஏன் என்னோடு வந்தாய் என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளையைக் கண்டித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது."

கார் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்த மகனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தானாகவே தகப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கதிரையை இழுத்துப்போட்டு, அவன் பக்கத்தில் இருந்து கேட்டார்.

அடுத்த வருஷம் அவளுடைய மகன் வெளியே வந்தான். கராஜில் அவன் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். சிட்னியில், லிட்கமில் இருந்த தன் வீட்டுக்கு அவனை அழைத்துக்கொண்டாள். என் கணவர் தனக்குத் தெரிந்த டயர் கடையில் அவனுக்காகப் பேசினார். சில மாதம் ஒழுங்காகப் போனான். பிறகு தன் மண்ணில்தான் இருக்க வேண்டுமென்று பேர்த்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

அந்தச் சட்டம் அங்கே அப்படியேதான் இருந்தது. பேர்த்திலிருந்து ஃபோன் வந்தால் அவள் அவசரமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போவாள். பெரும்பாலும் சிரித்தபடிதான் திரும்புவாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத்தான் மகன் எடுத்தானாம்.