பாய் பிடித்து வைத்திருந்த மூன்றாம் பாகம்

பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாடகைப் புத்தகக் கடை பாய் போய்விட்டார்.

காலையில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரக்கூட நேரமில்லையாம்... பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன்.

மடியில் அவர் கடைப் புத்தகம். அது என்னிடம் எப்படி வந்தது என்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கள்ளக்குறிச்சியில் வீடு, மலை மேல் டீச்சர் வேலை, இரண்டு பெண்கள், ஒரு கணவர், எண்பத்திரண்டு கிலோ.

அந்த எண்பத்திரண்டுதான் என்னை பாய் கடைக்குக் கூட்டிப்போனது. தொப்பை குறைக்கும் புத்தகம், இடுப்பு குறைக்கும் புத்தகம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இளைக்கும் புத்தகம்... ஒன்று விடவில்லை. பெரும்பாலும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். பக்கங்களில் எண்ணெய்ச் சாட்சி இருக்கும்.

ஆறாவது புத்தகம் கேட்டபோது பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சரம்மா, இத்தப் படிச்சவங்க யாரும் எளச்சு நான் பாத்ததில்ல. புக்குதான் எளச்சுப் போச்சு. நாலு பக்கத்தக் காணோம்."

"அப்ப இன்னா பாய் படிக்கிறது?"

தலையணை சைஸில் ஒரு நாவலை எடுத்து வைத்தார். "இத்தத் தூக்கிக்கினு தெனம் மலைக்கு ஏறி எறங்குங்க. கையாவது எளைக்கும்."

கை இளைக்கவில்லை. ஆனால் நான் கெட்டுப்போனேன்.

காலையில் குக்கரின் மூன்று விசிலுக்கு ஒரு அத்தியாயம். பஸ்ஸில் அடிவாரம் வரை ஐம்பது பக்கம். மலை வளைவு ஆரம்பித்தால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் முன் சீட்டுக்காரரின் சட்டைக்கு நான் பொறுப்பில்லை.

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஜாதி நான். பாய்க்கு அது பிடிக்காது. "வூட்டுக்குள்ள கொல்லப்பக்கமா நொழையிறீங்களே," என்பார்.

பக்கம் மறக்காமலிருக்க கையில் கிடைத்ததை எல்லாம் புத்தகத்தில் செருகுவேன். பஸ் டிக்கெட், ஹேர்பின், ஒருமுறை கறிவேப்பிலை. அப்படித்தான் அந்தச் சீட்டும் போனது.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டு. இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி... உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் அதை ஒரு நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்துவிட்டு, நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பாய் சீட்டை நான்காக மடித்து நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புக்குக்குள்ள இருந்திச்சும்மா. நான் ஒண்ணும் படிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "தேதி மட்டும் பாத்தேன். ரெண்டு மாசம் ஆயிடுச்சு."

லீவு இல்லை, பரீட்சை நேரம், பெரியவளுக்கு டியூஷன்... காரணங்களை வரிசையாக அடுக்கினேன். பயம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாவல் கொடுத்தார். மூன்று பாகம். யாரோ வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த பழைய தொடர்கதை. இரண்டு பாகத்தை நான்கே நாளில் முடித்துவிட்டுப் போய் நின்றேன்.

"மூணாவது எங்க பாய்?"

"உள்ள கீது."

"குடுங்க."

"போய்ட்டு வாங்க, குடுக்கிறேன்."

"எங்க போய்ட்டு?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சீட்டுல எங்க போவச் சொல்லிக்கீதோ, அங்க."

மூன்று வாரம் தரவில்லை. கெஞ்சினேன், கோபித்தேன், வேறு கடைக்குப் போவேன் என்றேன். ஊரில் வேறு கடை இல்லை, அது அவருக்கும் தெரியும்.

கடைசியில் போன வெள்ளிக்கிழமை சொன்னேன். "போய்ட்டு வந்துட்டேன் பாய். ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

அவர் இரண்டு கையையும் மேலே ஏந்தினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உள்ளே போய் மூன்றாம் பாகத்தை எடுத்துவந்து, தோள் துண்டால் தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் போகவில்லை. பொய்.

அன்றிலிருந்து புத்தகம் என் பையில்தான் இருந்தது. முதல் பக்கமும் புரட்டவில்லை, கடைசிப் பக்கமும் புரட்டவில்லை. பிரித்தால் பாய் பார்ப்பார் போல இருந்தது.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தெரியாது அவருக்கு.

"கடைக்கு வர்றவங்களா?"

"ஆமாங்க. புக்கு எடுப்பேன்."

"போன வெள்ளிக்கிழம இவங்க வூட்டுக்கு அவ்ளோ சந்தோசமா வந்தாங்க. யாரோ ஒரு டீச்சரம்மாக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சாம். கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தாங்களாம். யாருன்னு கேட்டா, அதெல்லாம் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா நல்லா இருக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் என் பதிவுகளுக்குப் படிக்காமலே லைக் போடுவார். ஏங்க, இன்று மட்டும் படியுங்கள். கமெண்டில் ஒன்றும் கேட்காதீர்கள். சமையலறையில்தான் இருக்கிறேன்.

பாய்... நாளைக்குக் காலையில் ஸ்கேனுக்குப் போகிறேன். லீவு சொல்லிவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சீட்டு மூன்றாம் பாகத்துக்குள் இருக்கிறது, முதல் பக்கத்தில். இந்தமுறை வாசல் வழியாகவே நுழைகிறேன்.

போய் வாருங்கள் பாய்.