கானுக்குள் நிற்பது என் அம்மா

காய்ந்த ரப்பர் இலை மேல் வேன் டயர் ஏறினால் ஒரு சத்தம் வரும்... அப்பளம் நொறுங்குகிற மாதிரி. ஜன்னல் ஷட்டரை இறக்கினால் சருகு வாசம். எங்கோ குப்பை எரிகிற புகையும் லேசாகக் கலந்து வரும்.

எங்கள் பக்கம் தை பிறந்தால் ரப்பர் மரமெல்லாம் பழுத்துவிடும். மஞ்சள், செம்பு, கருஞ்சிவப்பு... புளத்கொகுபிட்டிய மலையில் வளைவுக்கு வளைவு ஒரு நிறம். வெளிநாட்டுக் காலண்டரில் இருக்கிற இலையுதிர் காலம் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறது என்று ஆபீசில் பெருமையடித்ததே நான்தான்.

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட வேலை செய்த இரண்டு பேர் வந்தார்கள். பர்ஹான் எம்பிலிப்பிட்டியக்காரன், வாப்பாவின் கடை வேனைக் கேட்டு வாங்கி ஓட்டி வந்தான். தினேஷ் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன். கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும். கரவனெல்லயில் ப்ளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிசும். அதற்குப் பிறகு மலை ஏற ஏற தினேஷின் கேமரா ஓயவே இல்லை... அவ்வளவு அழகு.

தோட்டத்து ரோட்டில் திரும்பினோம். வளைவில் எல்லோரும் அடிப்பது போல பர்ஹான் ஹார்ன் அடித்தான்.

முன்னால் மூன்று பெண்கள் தலையில் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். இலை கொட்டும் நாட்களில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அப்போதுதான் விறகு சேர்ப்பார்கள். ஹார்ன் கேட்டதும் மூன்று பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டோரக் கானுக்குள் இறங்கினார்கள். மழைத்தண்ணீர் ஓடுகிற முழங்கால் ஆழக் கான்... சேறு. தலையில் கட்டு, குனிந்த முகம். கடைசியாக இறங்கியவரின் செருப்பு ஒன்று கழன்று ரோட்டிலேயே கிடந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரையின் வாகனம் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும். நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். வெள்ளை வேனும் ஹார்னும் போதும், உள்ளே யார் என்று பார்க்க மாட்டார்கள்.

எனக்குப் பின்னால் இருந்து கேமரா சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் எனக்குச் செருப்பு அடையாளம் தெரிந்தது. முந்தின தடவை ஊருக்குப் போனபோது நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது.

வேன் நிற்கும் முன்பே குதித்தேன். "அம்மா, நான்தாம்மா."

"யாரு, தம்பியா? தொரை வண்டின்னு நெனச்சிட்டேன்டா" என்று அம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பர்ஹான் இறங்கி வந்து விறகுக் கட்டை வாங்கி வேனில் வைத்தான். "ரோடு இவ்வளவு அகலம் ஈக்கிதே அன்ட்டி, ஏன் கீழ எறங்கின?" என்று கேட்டான். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

தினேஷும் இறங்கினான். "அன்ட்டி, பின்னால கலர் சூப்பரா இருக்கு. அந்த மாதிரியே இன்னொருக்கா எறங்கி நில்லுங்களேன்."

அம்மா ஒரு காலைக் கானுக்குள் வைத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன்.

"வந்த புள்ள கேக்குதுடா. நின்னா என்னா கொறஞ்சிரப் போவுது?"

"நீங்க சும்மா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தினேஷைப் பார்த்தேன். "ஒங்க அம்மாவ நிக்க வச்சி எடு." அதோடு அன்றைய பயணம் முடிந்தது. திரும்பி வரும்போது இலை என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து நேற்று தினேஷ் ஒரு போஸ்ட் போட்டிருக்கிறான். அதே படம். முதலில் எடுத்தானே, அது. "மலைநாட்டு மக்களின் மரியாதை... அந்தக் காலம் இனி வருமா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயம் வேறு. கீழே வரிசையாகக் கமெண்ட். சோ இன்னசன்ட். வெள்ளந்தி மனிதர்கள். கலர் செம.

பற்றிக்கொண்டு வருகிறது. சேற்றில் நிற்பவருக்குப் பெயர் உண்டா என்று ஒருவராவது கேட்டீர்களா? ரோட்டில் கிடக்கிற ஒற்றைச் செருப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லையா? இனி வரக்கூடாது என்று நான் வேண்டுகிற காலத்தை இவன் இதயம் போட்டுக் கூப்பிடுகிறான்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ரோடு இப்போது வழவழவென்று தார் போட்ட கார்பட் ரோடு. இலை அதே மாதிரி பழுத்திருந்தது. அம்மா வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்து போகும்போது அதே வளைவில் ஹார்ன் சத்தம். ஒரு வேன் நிறைய இளவட்டங்கள், ஜன்னலுக்கு வெளியே போன்கள்.

அம்மாவின் கால் தானாகக் கான் பக்கம் போனது. முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, வண்டி வருது."

"வரட்டும்மா."

வேன் நின்றது. பிறகு மெதுவாக எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. இடம் தாராளமாக இருந்தது... அன்றைக்கும் இருந்தது.

"பாவம், அதுங்களுக்கு என்னா அவசரமோ" என்றார் அம்மா. நான் அவர் காலைத்தான் பார்த்தேன். செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன.

அந்தப் படத்தை எடுத்துவிடு தினேஷ். இப்போதைக்கு மரியாதையாகத்தான் கேட்கிறேன்.