மை சொன்னது, மிஷின் சொன்னது

எங்கள் நைனாவுக்கு எண்பது நெருங்குகிறது. காது மந்தம், கண்ணில் புரை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அம்மாவைப் பார்த்து, "உங்க அண்ணன் கம்மல் திருடன்தானே" என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, அதுவும் முறிந்து, மறுபடி இவர்களோடு வந்து குடியிருக்கிறேன். அந்த ஒரு பேச்சு மட்டும் மாறவே இல்லை.

நடந்தது இதுதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நிலத்தில் கூலிக்கு அறுப்பு அறுக்கப் போவாள். அவள் காதில் கிடந்தது சிவப்புக் கல் வைத்த கம்மல். அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, செய்து போட்டது. அந்த வருஷப் பொங்கலுக்கு மாமா கரும்பும் மஞ்சளும் புடவையுமாக வரிசை கொண்டுவந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார். அவர் போன மறுநாள் அறுப்பு. தலையிலிருந்து கதிர்க்கட்டை இறக்கும்போது அம்மாவின் இடது காது சுருக்கென்று இழுத்திருக்கிறது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் கம்மல் இல்லை.

மறுநாள் விடிந்ததும் போய் அறுத்த தாளையெல்லாம் கிளறிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. நைனா என்ன செய்தார்? மை போட்டுப் பார்ப்பவரிடம் போனார். எங்கள் ஆட்கள் அப்போது பொருள் தொலைந்தால் போலீசுக்குப் போக மாட்டார்கள், அவரிடம்தான் போவார்கள். அந்த மனுஷன் வெற்றிலையில் மையைத் தடவி, விளக்குக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "பொருளு மண்ல இல்ல. ஊட்டுக்கு வந்துட்டுப் போன கையில கீது. பொம்பளையோட கூடப் பொறந்தவன் கை" என்றாராம். வீட்டுக்கு வந்து போனது யார் என்று நைனாவே அதற்கு முன்னால் அவரிடம் உளறிக் கொட்டியிருப்பார். அதைக்கூட யோசிக்கிற புத்தி இல்லை.

செய்து போட்டவனே வந்து திருடிக்கொண்டு போவானா? ஒருத்தர் கேட்கவில்லையே இதை! நைனா நேராக மாமா வீட்டுக்குப் போய், தெருவே கூடி நிற்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியிருக்கிறார். அத்தோடு உறவு அறுந்தது. "அண்ணன் ஊட்டு வாசப்படி மிதிச்ச, இங்க திரும்பி வராத" என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டார்.

எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. பெரியப்பா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். என் கல்யாணத்துக்கும் மாமா வரவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அவர் ஏதோ சீமையில் இல்லை. நாங்கள் காட்டுப்பாக்கம், அவர் வேலப்பன்சாவடி. பூந்தமல்லியில் வண்டி மாறினால் சோறு ஆறுவதற்குள் போய்விடலாம். முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா போகவில்லை. இடது காதில் துடைப்பக் குச்சியைச் செருகி வைத்திருந்தவள், கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள். துளை தூர்ந்துபோனது. மற்றக் கம்மலைக் கழற்றி மஞ்சள் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். விற்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

"வயல்லதாண்டி வுழுந்துச்சி. பம்புசெட்டாண்ட வரப்பு மூலையில கட்ட எறக்கினேன், அங்கதான்" என்று என்னிடம் மட்டும் சொல்லுவாள். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். நம்புகிறேன் என்று நான் சொல்லி என்ன பிரயோசனம்? நம்ப வேண்டிய ஆள் நான் இல்லையே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓர் எலக்ட்ரீசியன் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து அவர் காட்டுவதெல்லாம் காசுதான். ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையானால் உழுத கொல்லைகளில் பழைய காசு, மோதிரம் என்று தேடிக்கொண்டு திரிகிற ஆள். பெண்டாட்டி பிள்ளையோடு பீச்சுக்குப் போகாமல் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் பழைய நிலத்தை மனை போட விற்றுவிட்டார்கள், கல் நட்டாயிற்று, அடுத்து கிராவல் கொட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அவரிடமே போய் நின்றேன்.

"மண்ணு கொட்டிட்டாங்கன்னா அப்புறம் மிஷினுக்கு எட்டாது யக்கா. இந்த ஞாயித்துக்கெழமயே போலாம்" என்றார்.

நைனாவிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பம்புசெட்டில் மோட்டார் இல்லை, கூரை இல்லை, மூன்று சுவர் மட்டும் நின்றது. எலக்ட்ரீசியன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியின் நுனியில் தட்டு மாதிரி இருந்ததைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே போனார். அவர் பாட்டுக்கு நடுக் கொல்லையில் ஆரம்பித்ததும் அம்மா, "அங்க இல்லப்பா. அங்கல்லாம் டிராக்டர் ஓடி மண்ணு பெரண்டு பூட்ச்சி. இந்த மூலைக்கு ஏர் வராது" என்று கூப்பிட்டாள்.

மிஷின் கத்தியது. தோண்டினால் ஆணி. மறுபடி கத்தியது. சரக்குப் பாட்டில் மூடி. அதற்கப்புறம் மூடி, மூடி, மூடி. அந்தப் பம்புசெட்டில் ஊரே உட்கார்ந்து குடித்திருக்கும் போலிருக்கிறது. நடுவில் ஓர் ஓட்டைக் காலணா வந்தது. "பார்த்தியா யக்கா, வெள்ளக்காரன் காலத்துக் காசு!" என்று அவர் குதித்தார். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் ஏறி, நானே போதும் என்று சொல்ல வாயெடுத்தபோது வரப்பை ஒட்டி ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவர் கொத்தினார். மண்கட்டியை அம்மா கையில் வாங்கி நுணுக்கினாள். உள்ளே மினுக்கென்றது. ஒரு கல் விழுந்திருந்தது, மற்றக் கல்லெல்லாம் அப்படியே இருந்தன. "எம்மா!" என்று நான் அலறிவிட்டேன். அம்மா அழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எனக்குத்தான் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சாண் ஆழத்தில் கிடந்த பொருளுக்காக ஒரு மனுஷியின் பிறந்த வீட்டையே பிடுங்கிவிட்டார்களே, பாவிகள்!

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் டப்பாவிலிருந்து ஜோடியை எடுத்து, இரண்டையும் நைனா உள்ளங்கையில் வைத்தேன். "வயல்ல கெடச்சது நைனா. மிஷின் வச்சு எடுத்தோம். இப்பயாவது சொல்லு, மாமா திருடனா?"

அவர் தடவிப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். கல் விழுந்த குழியை நகத்தால் நிரடினார். மனுஷன் உடைந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அவன் பயந்துகினு திரும்பக் கொண்டாந்து பொதச்சிருப்பான்" என்றார். "மிஷினுக்கு இன்னா தெரியும்? மை பொய் சொல்லாது."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வெக்கமா இல்ல உனக்கு?" என்று பெற்ற தகப்பனைக் கேட்டேன். கேட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அம்மா அவர் கையிலிருந்து கம்மல் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். "எங்கடி போற?" என்றார் நைனா. "எங்க அண்ணன் ஊட்டுக்கு" என்று செருப்பைப் போட்டாள். அவளால் அந்த வார்த்தையை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது.

நானும் கூடப் போனேன். வேலப்பன்சாவடியில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தோம். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய் இரண்டு வருஷமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அம்மாவை அடையாளம் கண்டதும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து கையை விரித்தாள்.

"கெடச்சிடுச்சிண்ணா. வயல்லதான் கெடந்துச்சி. பாரு, நீ போட்ட கம்மலு. அதே கல்லு."

மாமா பார்க்கவே இல்லை. நல்ல கையால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவிட்டார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். நாக்கு குழறியது, ஆனாலும் புரிந்தது. "உம் புருஷன் சொன்னது போவட்டும். நீயாச்சும் வருவன்னு பார்த்துகினு இருந்தேன். இது கெடைக்காட்டி வந்திருக்க மாட்டல்ல நீ?"

அம்மா அப்போதுதான் அழுதாள்.