அக்காவின் படங்கள் வந்த போன்

அக்கா கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், தனக்குப் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்த முதல் டச் போன் அதுதான். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கென்று தனியாக ஒரு எக்கவுண்ட் போட்டுத் தரச் சொன்னேன்.

"எதுக்குடி தனித்தனியா? நான் பாஸ்வேர்டை மறந்தா நீ சொல்லு, நீ மறந்தா நான் சொல்றேன்" என்று சிரித்தாள்.

அதனால் இரண்டு போனிலும் ஒரே கணக்கு. அவள் கொழும்பில் எடுக்கும் படம் கொஞ்ச நேரத்தில் எங்கள் போனுக்கும் வந்துவிடும். நான் இங்கே எடுப்பது அவளுடைய போனுக்குப் போய்விடும்.

அடுத்த வருஷம் அவள் தன்னோடு வேலை செய்த ஒரு சிங்களப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிபிலைப் பக்கம் அவன் ஊர். பதிவு முடிந்த பிறகுதான் எங்களுக்குப் போனில் சொன்னாள். அப்பா சத்தம் போடவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, "இனிமே இங்க போன் எடுக்காத புள்ள" என்று அவளிடம் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் அவளோட பேசக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அக்கா எங்களை அழைக்கவில்லை. நாங்களும் அவளை அழைக்கவில்லை.

ஆனால் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கணக்கைப் பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலில் வந்தது ஒரு வாடகை அறை. அடுத்தது அடிப்பிடித்த சோற்றுப் பானை, அதைப் பார்த்து அம்மா முதல் தடவையாக அழுதாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் எடுத்த படம், வயிறு லேசாகத் தெரிந்தது. கை ஆடி மங்கிப்போனவை, தரையும் கால்விரலும் மட்டும் விழுந்தவை எல்லாம் வந்தன. யாருக்கும் அனுப்புவதற்கென்று எடுத்த படங்கள் இல்லை அவை. அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள், அது அப்படியே எங்களிடம் வந்தது.

எங்கள் லயத்துக்கு மேலே மேட்டில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். தேயிலை ஃபெக்டரி வேலை முடிந்து வந்ததும் அப்பா, "டேட்டா போட்டிருக்கியா? மழை வருமான்னு பார்க்கணும்" என்று போனை வாங்கிக்கொண்டு மேலே போவார். எதைப் பார்க்கப் போகிறார் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். நாங்கள் கேட்டதில்லை.

குழந்தை பிறந்தது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. துணிக்குள்ளிருந்து ஒரு முகம், கண் மூடியபடி. அந்த வாரம் ஒருநாள் அப்பா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னைய ஒரு படம் எடு."

"எதுக்குப்பா?"

"சும்மா எடு."

எடுத்தேன். அது எங்கே போகும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பையன் தவழ்ந்தான், நின்றான், முதல் பல்லைக் காட்டினான். எல்லாவற்றையும் அப்பா தாங்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவனுக்கு மூன்று வயது ஆகும் சமயத்தில் படங்கள் நின்றுவிட்டன. டேட்டா தீர்ந்திருக்கும் என்று அப்பா தானே ரீலோட் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க என்னமோ ஆச்சு. போன் எடுத்துக் கேளு."

அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

எடுத்தேன். படம் வரலயே, அங்க என்ன ஆச்சு என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "ஒண்ணும் ஆகலடி. உங்க படத்தைப் பார்த்துப் பார்த்து தினமும் அழுவேன். இவருக்கு அதைப் பார்க்க முடியல. எனக்குன்னு தனியா ஒரு எக்கவுண்ட் போட்டுக் குடுத்துட்டாரு. யாரும் என்னைய தேடல, நான் மட்டும் எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கணும்னு நானும் சரின்னுட்டேன்."

சித்திரை வருஷப் பிறப்புக்கு வரச் சொன்னார் அப்பா. அவள் பையனோடு வந்தாள். மச்சான் டவுன்வரை வந்து பஸ் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அவர்கள் வருவதற்கு முன் அப்பா லயம் முழுக்க நடந்து, எல்லார் வீட்டு நாயையும் கட்டிப்போடச் சொல்லியிருந்தார். அக்கா படியேறி வந்தபோது, "பயப்பட வேணாம், நாயெல்லாம் கட்டியாச்சு" என்றுதான் முதலில் சொன்னார்.

அக்கா அப்படியே நின்றாள். "இவனுக்கு நாய்னா பயம்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அம்மாதான் சொன்னாள். "அவரு ஒரு படம் விடாம பார்த்தாரு. நாயைப் பார்த்து அவன் அழுத படத்தையும் பார்த்தாரு."

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எக்கவுண்டை மாத்தியிருப்பேனா?" என்று அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்பா பையனை நோக்கிக் கையை நீட்டினார். அவன் எப்படித் தூங்குவான், எந்தச் சட்டை அவனுக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவனுக்கு அவரைத் தெரியாது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இது யார் என்று சிங்களத்தில் கேட்டான். அக்கா சொல்லியும் வரவில்லை. அப்பா நீட்டிய கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்கு அவர்கள் போகும்வரை பையன் அவரிடம் போகவேயில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. அதுதான் பாதுகாப்பு என்று நானே மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா மாதத்துக்கு ஒருமுறை படம் அனுப்புவாள். தேர்ந்தெடுத்த படங்கள். பையன் புதுச் சட்டையில் நேராக நின்று சிரிப்பான். நான் காட்டும்போது அப்பா வாங்கிப் பார்ப்பார். போன தடவை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா இருக்கான்" என்றார். "ஆனா என்ன பண்றான்னு ஒண்ணும் தெரியல."