மேஸ்திரி பூசிய சுவர்

அந்தப் பழைய பங்குக் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கப்பலில் வந்த சாமியார் என்பார் ஒருவர். இல்லை, ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டினார்கள் என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். வடக்குச் சுவரைப் பூசியது யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பூசிய மேஸ்திரியின் மனைவிதான் துடைப்பமும் கையுமாக அங்கேயே நிற்கிறாளே!

மேஸ்திரியம்மா என்றால்தான் அவளைத் தெரியும். கல்யாணமான கையோடு புருஷனுக்குச் சித்தாளாகச் சட்டி தூக்கப் போனவள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய கோயிலின் வடக்குச் சுவர் மழையில் உதிர்ந்தபோது அன்றைய சாமியார் இவர்களைத்தான் கூப்பிட்டார். சிமெண்டு புதிதாக வந்து எல்லோரையும் மயக்கியிருந்த காலம். அவள் கலவை சுமக்க, அவர் கூலி வாங்காமல் மேலிருந்து கீழ்வரை வழவழவென்று பூசினார். ஞாயிறு பூசையில் சாமியார் பீடத்தில் நின்று அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். திட்டு வாங்கியே பழகிய மனிதருக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்தபின் கோயிலைக் கூட்டும் வேலை அவளுக்கு வந்தது. பூசை நேரத்தில் அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்காருவாள். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நகரமாட்டாள். அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி அவளுக்கு ஒரு தெம்பு.

இப்போது கோயிலைப் பழையபடி செப்பனிட ஓர் இஞ்சினியர் பெண் வந்தாள். வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சிமெண்டு ஈரத்தை வெளிய விடல. உள்ள கல்லு அரிச்சுப்போச்சு. இதை மொத்தமாப் பேத்து எடுக்கணும். யார் செஞ்ச வேலை இது?"

கூட நின்ற ஊர்க்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நல்லவேளை, மேஸ்திரியம்மா பூச்சாடி கழுவப் போயிருந்தாள்.

அவள் மனம் நோகக்கூடாதென்று ஊரே கூடிச் சதி செய்தது. மறுநாள் சாமியார் அவளிடம் மென்று விழுங்கினார்.

"மக வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வாங்களேம்மா. பேரப்பிள்ளைங்க தேடுவாங்க."

"நான் காய்ச்சல்ல படுத்தப்பவே 'எப்போ வருவீங்க'ன்னு ஆள் அனுப்புனவரு நீங்க. என்ன சாமி விஷயம்?"

பிரசங்கத்தில் நிறுத்தத் தெரியாத மனிதர் திணறிப்போனார். பாவம், பொய் அவருக்கு வரவில்லை. கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. அங்கே சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். எத்தனை கட்டடம் பார்த்தவள், அது பேர்த்தெடுக்கப் போட்ட கோடு என்று தெரியாதா?

நேராக இஞ்சினியரிடம் போனாள்.

"என் வீட்டுக்காரர் பூசுனதும்மா இது. அவரு செஞ்சது தப்பா?"

அந்தப் பெண்ணுக்கு என்னவோ போலாகிவிட்டது. "அப்போ எல்லாரும் நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சாங்க. சுவருக்குத்தான் ஒத்துக்கல."

"அப்படியே விட்டா?"

"சுவரு நிக்காதும்மா."

மேஸ்திரியம்மா சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள். பிறகு வேலையாளிடமிருந்து உளியையும் சுத்தியலையும் வாங்கினாள்.

"மொதல்ல நான் எடுக்கறேன். அப்புறம் நீங்க கை வைங்க."

ஓங்கி அடித்தாள். ஒரு சின்னக் கீறல்தான் விழுந்தது. மறுபடி அடித்தாள். அசையவில்லை. வேலையாள் வாங்கி அடித்துப் பார்த்தான். உளி முனை மழுங்கியதுதான் மிச்சம். மேஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பாத்தீங்களா சாமி, மனுஷன் எவ்வளவு கெட்டியாப் போட்டிருக்காரு!"