அன்புச்செல்வியிடம் இருக்கும் கையெழுத்துகள்

அன்புச்செல்வி அக்காவின் கம்ப்யூட்டரில் வெள்ளைச்சாமி என்பவருக்கு மட்டும் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. 'வெள்ளைச்சாமி பேங்க்', 'வெள்ளைச்சாமி பத்திரம்', 'வெள்ளைச்சாமி கை ஒடிஞ்ச பிறகு'. மூன்றும் ஒரே ஆள்தான். டிராக்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபின் அவர் போடும் 'வெ' பழைய மாதிரி சுழிவதில்லை. எந்த அலுவலகத்துக்கு எந்த 'வெ' என்பது அவருக்கே நினைவிருக்காது. அக்காவுக்கு இருக்கும்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடையின் மாடியில் இருக்கிறது அக்காவின் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வெயில் நேரத்தில் மட்டும் மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு மனுஷனுக்கு ஒரு கையெழுத்து என்பது சும்மா பேச்சு என்று அங்கேதான் தெரிந்துகொண்டாராம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தமிழில் போட்டிருப்பார்கள். பேங்க்கில் கணக்குத் திறக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் இங்கிலீஷில் போடுவதைப் பார்த்து இவர்களும் இங்கிலீஷுக்கு மாறியிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும்.

ஃபாரமெல்லாம் பி.டி.எஃப் ஆனபோது, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் கையெழுத்துகள் அக்காவிடம் வந்து சேர ஆரம்பித்தன. வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அக்கா பின்னணியை நீக்கி, கையெழுத்தை மட்டும் எடுத்துச் சேமித்துக்கொள்வார். ஆரம்பத்தில் 'சைன் 1', 'சைன் 2' என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஒருநாள் பவுசியாவின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் திலகவதி டீச்சரின் கையெழுத்து ஏறி உட்கார்ந்துவிட்டது. அனுப்புவதற்கு ஒரு விநாடி முன்னால் கண்ணில் பட்டதாம். அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு, ஆள், அலுவலகம், வருஷம் என்று எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றினார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கையெழுத்து கையில் இருந்தாலும், ஆளைப் போனில் கூப்பிட்டு, ஃபாரத்தை முழுக்க வாசித்துக் காட்டி, அவர் வாயால் "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் ஒட்டுவார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சியின் கையெழுத்தை ஒரு சம்மதக் கடிதத்தில் போடச் சொல்லி ஒருவர் வந்தார். அக்கா உடனே தங்கச்சி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பிரிண்டருக்குப் பேப்பர் வாங்கிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போனாரு தம்பி, இன்னமும் வாங்கிக்கிட்டேதான் இருக்காரு" என்பார்.

இத்தனை எழுதுவதற்குக் காரணம், எனக்கு நடந்தது.

நான் கத்தாரின் தோகாவில் ஒரு கம்பெனி கோடவுனில் சூப்பர்வைசர். மனைவி ராஜலட்சுமியும் மகள் இலக்கியாவும் இலுப்பூரில். நான்கு வருஷம் காத்திருந்த பிறகு, கம்பெனியின் குடும்பக் குடியிருப்பில் ஒரு வீடு காலியானது. வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது. நானும் மனைவியும் ஒரே பி.டி.எஃப்-இல் கையெழுத்துப் போட்டு ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே கையெழுத்து இருக்க வேண்டும். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் சரியாக வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஃபாரம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. இரண்டு தடவையும் காரணம் என் கையெழுத்து.

வியாழன் காலை லீவு சொல்லிவிட்டு, அறையிலிருந்து அக்காவுக்கு வீடியோ காலில் போனேன். ராஜலட்சுமி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்க" என்றார் அக்கா. "மொதத் தடவ எதப் போட்டோம்?"

"பேங்க் கையெழுத்துக்கா. இங்கிலீஷ்."

"ரெண்டாவது?"

"தமிழ். பாஸ்போர்ட்ல பாத்துத்தான் போட்டேன்."

"எந்தப் பாஸ்போர்ட்டு?"

போனில் இருந்தது பழைய பாஸ்போர்ட்டின் படம். மூன்று வருஷத்துக்கு முன்பு இங்கேயே புதுப்பித்தது பெட்டிக்குள் இருந்தது. எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தேன். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். பிறகு உரக்கடைக்காரர் மேலே வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"என்னக்கா?" என்றாள் ராஜலட்சுமி.

"ஒன் வீட்டுக்காரரு தமிழ் மீடியத்துல ஏறி இங்கிலீஷ் மீடியத்துல எறங்கிருக்காரு."

உண்மைதான். எட்டாவது வரை தமிழில் படித்து, ஒன்பதாவதில் இங்கிலீஷுக்கு மாற்றப்பட்டவன் நான். ஆனால் அந்த மாற்றம் என் கையெழுத்துக்கு நடுவிலும் நடந்திருந்தது. 'ரகு' தமிழில். 'நாத்' இங்கிலீஷில். இரண்டுக்கும் நடுவே ஸ்பீடு பிரேக்கர் மாதிரி ஒரு மேடு.

"அக்கா, அதையே வெட்டி எடுத்து ஒட்டிருங்க. என்னோடதுதானே?"

"ஒட்ட மாட்டேன். எங்கிட்ட இருக்கிறது எல்லாம் ஃபாரத்துக்குன்னு அவங்கவங்களே போட்டுக் குடுத்தது. இது நீங்க பாஸ்போர்ட்டுக்குப் போட்டது, இதுக்குப் போடல. அதோட, அடியில பாஸ்போர்ட்டோட கோடெல்லாம் தெரியும். வெட்டி ஒட்டுனதுன்னு கண்டுபிடிச்சா நாலாவது தடவன்னு ஒண்ணு கெடையாது. பேனாவ எடுங்க."

எடுத்தேன். பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து அனுப்பினேன். பதினாலு அனுப்பியிருப்பேன். ஒவ்வொன்றும் வேறு யாரோ என் கையெழுத்தைத் திருட முயற்சி செய்வதுபோல இருந்தது. மணி பதினொன்றேகால். என் உள்ளங்கை வியர்த்து, பதினைந்தாவது தாளே நனைந்துவிட்டது.

"ஓவியப் போட்டிக்கா அனுப்புறீங்க?" என்றாள் ராஜலட்சுமி. குரல் விளையாட்டாக இருந்தாலும் அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இரு ராஜி" என்றார் அக்கா. "தம்பி, அன்னைக்கி இதப் போடயில என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். தூதரகத்தில் பெரிய வரிசை. கவுண்டரில் தாளை நீட்டியதும் வழக்கம்போலத் தமிழில் ஆரம்பித்துவிட்டேன். பாதியில், பின்னால் நின்ற யாரோ ஒருவர், "அண்ணே, இங்கிலீஷ்ல போடணுமாம்!" என்று கத்தினார். அப்படி ஒரு விதியும் கிடையாது. ஆனால் என் கை பயந்து மாறிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா. "சரி, பாஸ்போர்ட்ட மூடி வைங்க. போனச் சாச்சு வைங்க. கை வெறுமனே இருக்க வேணாம், சாதாரணமாத் தமிழ்ல போட்டுக்கிட்டே இருங்க. நாம பேசுவோம். பாப்பாவுக்கு அங்கிட்டு எந்த ஸ்கூலு பாத்திருக்கீங்க?"

"குடியிருப்புக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்குக்கா. நம்ம நாட்டுப் பாடத்திட்டம்தான்." எழுதினேன்.

"பஸ்ஸு வருமா?"

"நடந்தே போயிரலாம்." எழுதினேன்.

"தமிழ் சொல்லித் தருவாங்களா?"

"ரெண்டாவது மொழியா எடுத்துக்கலாமாம். நான்தான் கொண்டுபோய் விடலாம்னு..." எழுதிக்கொண்டே சொன்னேன். இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நடப்பது மனசுக்குள் ஓடியது.

"இங்கிலீஷ்ல போடணுமாம்!" அக்கா போட்ட கத்தலில் ராஜலட்சுமியே நாற்காலியிலிருந்து துள்ளினாள்.

என் பேனா ஒரு குதி குதித்தது. குனிந்து பார்த்தேன். 'ரகு', மேடு, பிறகு இங்கிலீஷ். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதே கிறுக்கல். கடைசிக் கோட்டின் வளைவுகூட.

"அசையாதீங்க, அப்படியே போட்டோ எடுங்க" என்றார் அக்கா.

ஐந்து நிமிஷத்தில் பின்னணியை நீக்கி, 'ரகுநாத் புதுப் பாஸ்போர்ட்' என்று பெயரிட்டுச் சேமித்தார். மிச்சம் அரை மணி நேரம்தான் இருந்தது. அப்போதும் விடவில்லை. மூன்று பக்க ஃபாரத்தையும் வரி விடாமல் வாசித்தார்.

"போடலாமா தம்பி?"

"போடுங்கக்கா, போடுங்க."

"நீ சொல்லு ராஜி."

"நான் இங்கதானக்கா உக்காந்துருக்கேன்?"

"உக்காந்திருந்தா சம்மதம்னு அர்த்தமா? வாயால சொல்லு."

"அவரு பாத்திரம் கழுவணும்னு அதுல எங்கயாச்சும் இருக்காக்கா?"

"மூணு பக்கத்துலயும் இல்ல."

"பரவாயில்ல, நேர்ல பாத்துக்கிறேன். போடுங்க."

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஃபாரம் ஏறியது. அக்கா யாருக்கோ சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். மெயிலைத் திறந்து மூடி, மூடித் திறந்து, எனக்குக் கண்ணே பூத்துப்போனது. பதினொன்று ஐம்பத்தாறுக்கு வந்தது. கையெழுத்து சரி, வீட்டு எண் பதினெட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து குடியேறலாம்.

சத்தமாகத்தான் வாசித்தேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ராஜலட்சுமி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, அழுகுறதுன்னா அவ வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டு அழுகலாம்" என்றார் அக்கா. அவர் கண்ணாடியும் அப்போது கையில்தான் இருந்தது. "ராஜி, எந்திரி. ஆத்மநாதன் சாரு பென்ஷன் ஃபாரத்தோட காமணி நேரமா நிக்கிறாரு."

ராஜலட்சுமி போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். உரக்கடையும், பஸ் ஹாரனும், வெயிலும் திரையில் ஆடி ஆடிப் போயின. தெருவுக்கு வந்ததும் நின்றாள்.

"ஏங்க, நம்ம மிக்ஸியோட பிளக்கு அந்த ஊருச் செவத்துல சேருமா?"

நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தேன்.